ராஜா அனுப்பிய மருத்துவச்சியும் ஒரு துணி பொம்மையும்

இங்கே புனேயில் எங்கள் மாணவர்கள் பிரசவம் பார்க்கப் பழகுவது முதலில் பொம்மையில்தான். முதல் நாள் பாதிப் பேர் சிரிப்பார்கள். (திட்ட மாட்டேன், நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தானே!) சிரித்து முடித்ததும் அவர்களுக்கு நான் சொல்கிற கதை இது.

1759ல் பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயி, மதாம் து குத்ரே என்ற மருத்துவச்சியை அழைத்து, ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார். கிராமங்களில் தாயும் பிள்ளையும் செத்துக்கொண்டிருந்தார்கள். ராஜாவுக்கோ படைக்கும் வயலுக்கும் ஆள் வேண்டும். கருணையா, கணக்கா என்று கேட்டால் கணக்குதான் என்பேன்.

பாடம் கேட்க வந்த பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த அம்மா புத்தகமும் எழுதினார்தான், ஆனால் கைக்குப் புத்தகம் போதாதே! துணி, தோல், பஞ்சு வைத்து ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியைத் தைத்தார். கூடவே பிறந்த குழந்தை அளவில் ஒரு பொம்மை, இரட்டைப் பிள்ளைகள்கூட உண்டு. பெயர் என்னவோ 'மெஷின்'! ரூவான் நகர அருங்காட்சியகத்தில் ஒன்று இன்றும் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், உள்ளே நிஜமான இடுப்பெலும்பு.

குழந்தைப் பொம்மைக்கு விரல் நுழைகிற மாதிரி வாய் உண்டு. கால் முதலில் வந்தால் தலை கடைசியில் மாட்டிக்கொள்ளும். வாயில் விரல் வைத்துத் தலையைக் குனிய வைத்தால் வெளியே வரும். (இப்போது வாயில் வேண்டாம், கன்ன எலும்பில் வை என்கிறோம்.) 1783 வரை சுற்றிய அவரிடம் நேரடியாகக் கற்றவர்கள் நாலாயிரத்துக்கும் மேல்.

நானும் பொம்மையில் கெட்டிக்காரிதான். ஆனால் இங்கே வந்து பார்த்த முதல் பிரசவத்தில் அந்தப் பெண் "பீதி வாட்தே, பீதி வாட்தே" என்று அழுதுகொண்டே இருந்தாள். எனக்கு அப்போது மராத்தி தெரியாது. கை தன் வேலையைச் செய்தது, நான் வாயே திறக்கவில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. மறுநாள்தான் ஆயா சொன்னாள், "பயமா இருக்கு" என்றாளாம். நம்ம 'பீதி'யேதான்! காதில் ஏறவில்லை.

இப்போதெல்லாம் இடுப்பில் கட்டிக்கொள்கிற பொம்மை இருக்கிறது. அதை நானே கட்டிக்கொண்டு படுத்து, மராத்திப் பிள்ளைகளிடம் தமிழில் மட்டும் கத்துவேன். போன வாரம் "பயமா இருக்குப்பா" என்று அலறினேன். ஒரு பையன் "காய் ஜாலா, தாயீ?" என்று பதறி என் கையைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் குழந்தையை நழுவ விட்டுவிட்டான்.

பொம்மைதானே, எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம்.