சிரிப்பு நடிகர் நட்ட மரங்கள்

சென்னையில் மயிலாப்பூரை ஒட்டிய கதீட்ரல் சாலையில் பச்சைக்கு வயது அதிகம். தாவரவியலாளர் ராபர்ட் வைட் முயற்சியில் 1835இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இங்கேதான் செடி வளர்த்தது. எதிர்ப்புறத்தில் 1962இல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் வந்தது. மர நிழலில் காரை நிறுத்தினால், கதவுக் கண்ணாடியில் தட்டை மாட்டிவிட்டுப் போவார் சர்வர். தோசையும் காப்பியும் ஆறுவதற்குள் எத்தனையோ சினிமாக் கதைகள் அங்கே பேசி முடிந்திருக்கின்றன. 2008இல் உணவகம் மூடியது. 2010 நவம்பரில் அதே இடம் செம்மொழிப் பூங்காவானது.

இந்த நகரத்தின் பசுமைக்குத் தூதராக வாய்த்தவர் ஒரு நகைச்சுவைக் கலைஞர். தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஹியூமர் கிளப்பில் சிரிக்க வைத்த விவேக்கை, கே.பாலசந்தர் 1987இல் 'மனதில் உறுதி வேண்டும்' படத்தில் அறிமுகப்படுத்தினார். மூடநம்பிக்கையையும் லஞ்சத்தையும் கிண்டலடித்த அவரைச் சின்னக் கலைவாணர் என்றார்கள். பொருத்தமான பட்டம்தான்.

அப்துல் கலாம் அவரிடம் மரம் நடச் சொன்னார். 'கிரீன் கலாம்' இயக்கம் பிறந்தது; இலக்கு ஒரு கோடி மரங்கள். நட்சத்திரங்கள் விளம்பரத்துக்கு ஒரு கன்று நட்டுப் படம் எடுப்பது வழக்கம். விவேக் பள்ளி பள்ளியாகப் போனார், மாணவர்கள் கையில் கன்றைக் கொடுத்தார். பத்தாண்டு விடாமல் செய்தார் என்பதுதான் பெரிது.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தபோது, அந்த வேலையின் அவசரம் எல்லோருக்கும் புரிந்தது.

2021 ஏப்ரல் 17இல் அவர் மறைந்தபோது கணக்கு 33 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மறு ஆண்டு, அவர் வாழ்ந்த தெருவுக்கு அரசு அவர் பெயரையே சூட்டியது.