வழி வாய்க்கால்: அச்சுவேலி ஒழுங்கைகளின் கதை

யாழ்ப்பாணத்து அச்சுவேலிப் பக்கத்துப் பழைய காணி உறுதியொன்றை விரித்துப் பார்த்தால், நான்கு எல்லைகளுக்கும் பரப்புக் கணக்குக்கும் பின்னால் ஒரு வரி வரும். கிணற்றில் இத்தனை பங்கு, அதற்குப் போய்வரும் வழி வாய்க்கால் உரித்து என்று நொத்தாரிசு எழுதிவைத்திருப்பார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய வாய்க்கால் வேண்டும், மனிதர் நடக்க வழி வேண்டும். இரண்டும் இல்லாத காணியை யாழ்ப்பாணத்தில் எவரும் விரும்பி வாங்கியதில்லை.

அந்த வழிதான் ஒழுங்கை.

ஊரின் நடுவே இத்தனை ஒழுங்கைகள் கிளைத்ததற்குச் சீதனம் ஒரு பெரிய காரணம். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, சீதனமும் முதுசமும் கைமாறும் முறையை விரிவாகச் சொல்கிறது. மூத்த மகளுக்குத் தெருவோரத் துண்டு, அடுத்தவளுக்கு அதன் பின்துண்டு என்று வளவு பிரியும். பின்துண்டுக்குப் போக முன்துண்டின் ஓரத்தில் ஒரு கீற்று நிலம் ஒதுங்கும். இரண்டு தலைமுறை கழிந்தால் அந்தக் கீற்று வளைந்து நெளிந்து பத்துக் குடும்பங்களின் பாதையாகிவிடும். அதன் அகலத்தை அளந்து வகுத்த அதிகாரி எவருமில்லை. ஒரு மாட்டுவண்டில் பொயிலைக் கட்டோடும் வெங்காயத்தோடும் போய்வந்தால் போதும் என்பதே கணக்கு. பல இடங்களில் அதுவுமில்லை. ஆளும் ஆடும் போகும் அளவுக்குக் குச்சொழுங்கையாகவே நின்றுவிட்டது.

இருந்தும் அந்த ஒடுக்கம் பழைய நாளில் உயிருக்கு உலையாகவில்லை. காரணம் வேலி. கிளுவையும் பூவரசும் கதியாலாக நிற்க, இடையில் கிடுகும் பனையோலையும் வரிந்து கட்டிய வேலி அது. அயல்வீட்டுக்குப் போக அதில் ஒரு பொட்டு இருக்கும். வெயில் காலத்தில் ஒரு வீட்டுக் கூரை பற்றிக்கொண்டால், அயலார் ஒழுங்கையைச் சுற்றி வரமாட்டார்கள். பொட்டுக்குள்ளால் பாய்ந்து வருவார்கள். பொட்டுப் போதாவிட்டால் கட்டை அறுத்து வேலியைப் பிரித்துவிடுவார்கள். துலாவில் ஒருவர் இறைக்க, வாளி கைமாறி வரும். பிரித்த வேலியை மறுநாள் கூடி அடைத்துக்கொள்வார்கள்.

வண்டிலை நிறுத்துவதற்கும் ஊரில் ஓர் ஒழுங்கு இருந்தது. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களின் ஓரத்தில் மடம், கேணி, தண்ணீர்த்தொட்டி, ஆவுரோஞ்சிக் கல், சுமைதாங்கி என்று ஒரு தொகுதியே உண்டு. மாடு தண்ணீர் குடிக்க ஓரிடம், உடம்பை உரஞ்ச ஒரு கல், தலைச்சுமையை இறக்கிவைக்க மார்பளவு உயரத்தில் ஒரு திண்டு. எல்லாம் போக்குவரத்துக்கு ஒதுங்கியே அமைந்தன. பருத்தித்துறையின் தெருமூடி மடமோ தெருவுக்கு மேலேயே கூரை போட்ட கட்டடம். அங்கும் இரு பக்கத் திண்ணைகளில் ஆட்கள் இளைப்பாற, நடுவே வண்டில் போகும் வழி திறந்தே கிடக்கிறது.

இந்தச் சுமைதாங்கிக் கற்களுக்குப் பின்னால் ஒரு துயரமும் உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது தமிழரிடையே வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழியில் போகும் எல்லோரும் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். மருத்துவ உதவி எளிதில் எட்டாத காலம் அது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்கூட, அச்சுவேலி போன்ற ஊரிலிருந்து அங்கே போவதென்றால் வண்டிலில் மணிக்கணக்கான பயணம். வண்டில் புகாத ஒழுங்கையிலிருந்து நோயாளியைக் கட்டிலோடு காவித்தான் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். இலங்கைத் தமிழில் அம்புலன்சுக்கு நிலைத்துவிட்ட ‘நோயாளர் காவு வண்டி’ என்ற பெயரில் அந்தக் காவுதல் இன்னும் இருக்கிறது.

1990இல் போரால் வழியின் கதை வேறு விதமாக மாறியது. பலாலிப் படைத்தளத்தைச் சுற்றிய ஊர்கள் இடம்பெயர்ந்தன. அச்சுவேலியின் மேற்குப் பக்கம் உயர்பாதுகாப்பு வலயத்தின் விளிம்பானது. பலாலி–அச்சுவேலி வீதியின் ஒரு பகுதி மூடப்பட்டது. எரிபொருள் தடையால் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில சொட்டுப் பெற்றோல் விட்டுத்தான் இயந்திரத்தை உயிர்ப்பிக்க வேண்டும். நோயாளிகள் சைக்கிள் கரியரில் இருந்து வைத்தியசாலைக்குப் போன காலம் அது. பின்னால் ஒருவர் நடந்துவந்து முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். மூடிய அந்த வீதிப் பகுதி 34 ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில்தான் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

இதற்கிடையில் 2018 யூலை 21இல் வடமாகாணத்துக்கு 1990 என்ற தொலைபேசி இலக்கம் வந்தது. இந்திய நன்கொடையில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய ‘சுவசெரிய’ இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை அன்று யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்துவைக்கப்பட்டது. கட்டிலைக் காவிய ஊருக்கு, தொலைபேசியில் கூப்பிட்டால் வாசலுக்கு வரும் வண்டி ஒரு பெரும் பேறு.

ஆனால் வாசல் வரை வர ஒழுங்கை வேண்டுமே. போர் முடிந்தபின் பிரதான வீதிகள் அகன்று காபெட் ஆயின. ஒழுங்கைகள் அகலவில்லை. கிடுகு வேலி இருந்த இடத்தில் சீமெந்து மதில் எழுந்தது. மதிலில் பொட்டு இல்லை, அவசரத்துக்குப் பிரிக்கவும் முடியாது. வண்டில் போன தடத்தில் இன்று ஓட்டோ, பட்டா லொறி, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், வெளிநாட்டு உறவுகள் வரும்போது வாடகைக்கு எடுக்கும் வான். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வந்தவர்கள் ஒழுங்கை முகப்பிலேயே நிறுத்திவிட்டு உள்ளே நடக்கிறார்கள். ஆவணியில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் கொடியேறினால், அச்சுவேலியூடாகப் போகும் வீதியின் இரு கரையும் வாகனமாகிவிடும். ‘ஐஞ்சு நிமிசம்தானே’ என்று நிறுத்துபவர் கெட்டவரல்லர். தான் நிற்கும் இடம் பத்து வீட்டின் ஒரே வாசல் என்பது அவர் நினைவில் இல்லை, அவ்வளவுதான். வீடு தீப்பற்றினால் ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தாண்டி யாழ்ப்பாண மாநகர சபையின் தீயணைப்பு வண்டி வர வேண்டியிருக்கும் ஊரில், அந்த மறதிக்குக் கொடுக்கும் விலை பெரிது.

எவ்வளவு பெரிது என்பதைத் தென்கொரியா அறிந்தது. 2017 டிசெம்பர் 21இல் ஜெச்சொன் நகரில் உடற்பயிற்சிக் கூடமும் குளியலறைகளும் கொண்ட ஒரு கட்டடம் எரிந்தது. ஏணி பொருத்திய தீயணைப்பு வண்டி கட்டடத்தை நெருங்குவதைத் தெருவில் நிறுத்தியிருந்த கார்கள் தாமதப்படுத்தின. 29 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே அங்கே சட்டம் இறுகியது. சட்டவிரோதமாக வழி மறித்து நிற்கும் காரைத் தீயணைப்பு வண்டி தள்ளிவிட்டுப் போகலாம், சேதத்துக்கு நட்டஈடு கேட்க முடியாது என்றானது.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் போக்குவரத்துக்கு இடையூறாக வாகனம் நிறுத்துவதைக் குற்றமென்கிறது. பிரதான சந்தியில் பொலிஸார் நிற்பார்கள், தண்டமும் எழுதுவார்கள். இரவு பதினொரு மணிக்குக் குச்சொழுங்கை முகப்பில் நிற்கும் டிப்பரைப் பார்க்க அங்கே யாருமில்லை. ஊரின் கோயில் பரிபாலன சபைகள், கலியாண மண்டபங்கள், வாசிகசாலைகள், பிரதேச சபை ஆகியன கூடி, பழைய வண்டில்களுக்கு இருந்ததுபோல் வாகனங்களுக்கும் ஒதுங்கும் இடம் ஒதுக்கினால் பாதி நெருக்கடி தீரும். வெறும் வளவுகள் ஊரில் இன்னும் உண்டு. நல்லூர்த் திருவிழாவில் சைக்கிள் பாதுகாக்க வீட்டு முற்றங்களைத் திறந்துவிடும் பழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதுமல்ல.

அதுவரைக்கும் ஒழுங்கைக்குள் நடப்பது இப்படித்தான். 1990க்கு அழைத்ததும் வீட்டுப் பெடியன் ஒருவன் ரோச் லைற்றோடு முகப்புக்கு ஓடுகிறான். வண்டி வந்து நிற்கிறது. முன்னால் யாருடையதோ ஒரு வான். வண்டியில் வந்த இருவரும் தூக்குப் படுக்கையை இறக்கிக் கையில் எடுத்துக்கொண்டு மதிலோரமாக உள்ளே நடக்கிறார்கள், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிலைக் காவியவர்கள் நடந்த அதே தடத்தில். பெடியன் ஒவ்வொரு படலையாகத் தட்டிக்கொண்டு போகிறான்: ‘அண்ணை, உங்கட வானே வெளியில நிக்கிறது?’