கத்தியும் குளிகையும்: ஆண் ஓமோன் எதிர்ப்பு மருந்துகளும் பெருந்தோட்ட முதியோரும்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கண்டுபிடிக்கப்பட்டவை யாரைச் சென்றடைந்தன என்ற வினா அதில் அரிதாகவே எழுப்பப்படுகின்றது. புரொஸ்டேற் புற்றுநோய்க்கான ஆண் ஓமோன் எதிர்ப்பு மருந்துகளின் வரலாற்றை எஹலியகொடைத் தோட்டங்களில் நின்று நோக்க இங்கு முயல்கின்றோம்.

புரொஸ்டேற் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்த சிறு சுரப்பியாகும். அதில் தோன்றும் புற்றுநோய் ஆண் ஓமோன்களைப் பற்றியே வளர்கின்றது. விதைகளை அகற்றினாலோ பெண் ஓமோனைக் கொடுத்தாலோ பரவிய நோயும் தணிவதை 1941இல் சிக்காகோவில் சார்ல்ஸ் ஹகின்ஸ், கிளாரன்ஸ் ஹொட்ஜஸ் ஆகியோர் காட்டினர். ஹகின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் விதை நீக்கம் மீளாத இழப்பு; பெண் ஓமோனை ஒத்த ஸ்டில்பெஸ்ட்ரோல் நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் அளவில் இதயநோய் மரணங்களைக் கூட்டுவதை 1960களின் அமெரிக்க ஆய்வுகள் வெளிப்படுத்தின.

இந்நிலையிலேயே ஆண் ஓமோன் எதிர்ப்பு மருந்துகள் தோன்றின. புற்றுக்கலத்தில் ஓமோன் பொருந்தும் வாங்கியைத் தாமே பற்றிக்கொண்டு அவை அதன் வழியை அடைக்கின்றன. 1960களில் ஜெர்மனியில் சைப்ரொட்டெரோன் உருவாயிற்று. அமெரிக்காவில் 1989இல் புளூட்டமைட்டும், 1995இல் நாளுக்கு ஒருமுறை உட்கொள்ளும் பைகலூட்டமைட்டும், 2012இல் என்சலூட்டமைட்டும் அனுமதி பெற்றன. பெரும்பாலும் இவை ஓமோன் சுரப்பை அடக்கும் ஊசியுடனோ விதை நீக்கத்துடனோ சேர்த்தே வழங்கப்படுகின்றன. ஊசி தொடர்ந்து போடப்பட வேண்டியது. சத்திரசிகிச்சையோ ஒருமுறையுடன் முடிவது. ஆகவே வறிய நாடுகளில் 1941இன் கத்தி இன்றும் ஓய்வு பெறவில்லை.

என்சலூட்டமைட் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கப் பொது நிதியின் துணையுடன் பிறந்தது. எனினும் காப்புரிமை பெற்ற பெருவிலைப் பண்டமாகவே அது சந்தைக்கு வந்தது. பைகலூட்டமைட்டை உலக சுகாதார நிறுவனம் 2015இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பட்டியலில் இடம்பெறும் மருந்து நோயாளியின் கைக்கு வருவது அரசியல் சார்ந்த விடயமாகும்.

இவ்வுண்மையை நம் நாட்டில் முன்னரே உணர்ந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அவர் அளித்த அறிக்கையின் வழியில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியது. வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயராலும், உலகளாவிய கேள்விப்பத்திரங்கள் மூலமும் கொள்வனவு செய்வதே அக்கொள்கையின் சாரமாகும். பன்னாட்டு நிறுவனங்கள் இதனை எதிர்த்தன. பிபிலே 1977இல் கயானாவில் காலமானார். 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் அவர் சிந்தனையின் தாமதமான எதிரொலியே. 2022இன் பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாடு, அக்கொள்கையின் தேவையை மீண்டும் நினைவூட்டியது.

இனித் தோட்டத்தை நோக்குவோம். 1872, 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டங்களுக்கெனத் தனி மருத்துவ ஏற்பாட்டை வகுத்தன. உழைக்கும் உடலைக் காப்பதும் தொற்றுநோயைத் தடுப்பதுமே அதன் தலையாய அக்கறைகளாயிருந்தன என்பது எம் கருத்து. பிற்காலத்தில் தாய் சேய் நலனும் கவனம் பெற்றது. பெயர்ப்பதிவிலிருந்து நீங்கிய முதியவரின் நோய் இவ்வமைப்பின் பார்வைக்கு அப்பாலேயே நின்றது. எலும்பில் பரவிய புற்றுநோயின் இடுப்புவலியை, ஆயுள் முழுதும் உழைத்த உடலின் இயல்பான வலி எனக் கருதிவிடுவது எளிது. நோய் இவ்வாறு முற்றிய பின்னரே பலர் மருத்துவரை நாடுகின்றனர்.

எஹலியகொடையை ஊடறுக்கும் கொழும்பு - இரத்தினபுரிப் பெருந்தெரு செல்லும் மகரகம நகரிலேயே புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளது. அரச மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். ஆனால் பயணம் இலவசமன்று. துணைக்குச் செல்லும் மகன் அன்றைய பெயரை இழக்கின்றான். மருந்து கையிருப்பில் இல்லையெனில் வெளியே வாங்க வேண்டும். கத்தியா குளிகையா என்பதை நோயாளியே தெரிவு செய்யலாம் என மருத்துவ நூல்கள் கூறுகின்றன. லயத்தில் வாழும் முதியவருக்கு அத்தெரிவைப் பெரும்பாலும் நாட்கூலியே செய்து முடிக்கின்றது.

தெரிவை நோயாளிக்கே மீட்டுக் கொடுக்க இரண்டு வேண்டும்: பிபிலே வகுத்த வழியில் தடையற்ற மருந்து வழங்கல், தோட்ட முதியோரையும் தன் கணக்கில் கொள்ளும் பொது மருத்துவ அமைப்பு. இவ்விரண்டும் நிறைவேறும்வரை 1941இல் தொடங்கிய வரலாறு எஹலியகொடையில் முற்றுப்பெற்றதாகக் கொள்ள இயலாது.