பொம்மை வரும் மாதம்

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. நடுவே ஆனைமலைக் காடு கிடக்கிறது. ஆனாலும் இரண்டு இடத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரு பழக்கம் பொது: பெரிய சாமான் வாங்க வேண்டுமென்றால் கிழக்கே இறங்குவோம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் இருக்கிற நாங்கள் பொள்ளாச்சிக்கும் கோயமுத்தூருக்கும் போவோம். மறையூர்க்காரர்கள் சின்னார் வழியாக உடுமலைக்கும், மூணாறு, பூப்பாறைக்காரர்கள் போடிமெட்டு இறங்கி போடிக்கும் தேனிக்கும், குமுளிக்காரர்கள் கம்பத்துக்கும் போவார்கள்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சின்ன ஃபேன்சி கடை நடத்துகிறேன். வளையல், நோட்டு, பேனா, ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பொம்மை. அப்பா கடை வைத்ததில்லை. தேருக்குத் தேர், வேலாவுக்கு வேலா போய்த் தரையில் துணி விரித்துப் பொம்மை விற்றவர். அக்காவை மூணாறு எஸ்டேட்டில் கட்டிக் கொடுத்தோம். அப்பாவின் விரிப்பு, அக்காவின் லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீடு, என் கடை என்று மூன்று இடத்திலிருந்தும் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. எங்கள் பக்கத்துக் குழந்தை கையில் எந்தப் பொம்மை நின்றது என்பதைத் தீர்மானித்தது பணம் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதம்தான். இன்றைக்கு எல்லாரும் கேட்டு வாங்குகிற பிளாக்ஸ் கட்டைகளும் அந்த வழியில் வந்தவைதான்.

அப்பா காலத்துப் பணம் வயலிலிருந்து வந்தது. பாலக்காட்டில் நெல் இரண்டு போகம். இரண்டாம் போக அறுப்பு தை, மாசியோடு முடியும். பத்தாயத்தில் நெல்லும் மடியில் காசும் இருக்கும். மாசி, பங்குனியில் கோயில் விழாக்கள் அடுக்கடுக்காக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். சிற்றூரில் கொங்கன்படை கும்ப மாதத்தில். நெம்மாறை–வல்லங்கி வேலா மீனம் இருபதாம் தேதி, அதாவது ஏப்ரல் தொடக்கத்தில். கல்பாத்தித் தேர் மட்டும் தனியாக ஐப்பசிக் கடைசியில் வரும். அப்பாவின் ஆண்டு வருமானம் பெரும்பாலும் இந்த விழாக்களுக்குள் அடங்கியது.

அவர் விரிப்பில் இருந்தவை: பனையோலைக் கிலுகிலுப்பை, மரச்சொப்பு, ஊதல், அமுக்கினால் டக் டக் என்கிற தகரத் தவளை, தகரப் படகு. படகுதான் கூட்டம் சேர்க்கும். அகலமான ஈயச் சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார். படகின் வயிற்றில் எண்ணெயில் நனைத்த சின்னத் திரியைப் பற்றவைத்துச் சட்டியில் விட்டால், உள்ளே இருக்கும் குழாய்த் தண்ணீர் சூடேறி, டப டப என்று சத்தம் போட்டுக்கொண்டு வட்டமடிக்கும். குழந்தை அழத் தொடங்கும். அப்பன் பேரம் பேசத் தொடங்குவான்.

இவை எல்லாம் வாங்கிய நாளிலேயே முழுமையான பொம்மைகள். தவளை சத்தம் போடும், படகு ஓடும். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்க முடியாது. உடைந்தால் அடுத்த வேலா வரை வேறு கிடைக்காது. ஆண்டுக்கு ஒருமுறை காசு வருகிற வீட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வாங்குகிற பொம்மை.

கட்டி விளையாடும் ஆசை மட்டும் அப்போதும் குறைவில்லை. அதற்குக் காசு தேவைப்படவில்லை, தீப்பெட்டி போதும். சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து, மறு ஆண்டு தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். அந்தத் தொழில் வளர வளர, தென்னாட்டில் தீப்பெட்டி இல்லாத அடுக்களை இல்லை என்றாகிவிட்டது. என் சிறு வயதில் பெட்டிகள் மெல்லிய மரச்சீவலால் ஆனவை. உள்கூட்டின் அடியைக் கிழித்தெடுத்தால் நாலு பக்கச் சட்டம் கிடைக்கும். அதை அடுப்புச் சாம்பலில் புரட்டித் தரையில் வைத்து, பிசைந்த களிமண்ணைக் கட்டைவிரலால் மூலை வரை அழுத்தி, ஓலைத் துண்டால் மேலே வழித்துவிட்டு, சட்டத்தை ஆடாமல் நேராகத் தூக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஓரம் பிய்ந்துவிடும். எங்கள் ஊர் வயல்களில் பெரியவர்கள் செங்கல் அறுத்ததும் இதே முறையில்தான். அவர்களுக்கு மரச்சட்டமும் மணலும், எங்களுக்குத் தீப்பெட்டியும் சாம்பலும். வீடு, கிணறு, கோயில் எல்லாம் கட்டுவோம். ஒரு மழை போதும், எல்லாம் மறுபடி சேறு.

மூணாறில் கதை வேறு. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்ததிலிருந்து அந்த மலை தோட்டமாகத் தொடங்கியது. ஆள் சேர்த்தவர்கள் கங்காணிகள். திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். கூலிக் கணக்கு ஆண்டுக் கடைசியில்தான் தீரும்; அதுவரை அரிசியும் செலவுக் காசும் பற்றில் ஏறிக்கொண்டே போகும். கணக்குத் தீர்க்கிற நாளில் கடன் போக மிஞ்சுவதைத்தான் எண்ணிக் கொடுப்பார்கள். அந்த வீட்டில் குழந்தைக்குப் பொம்மை என்பது நினைத்துப் பார்க்கிற செலவே அல்ல.

கூலிக் கணக்கு ஒரு மாதத்துக்கு மேல் நீளக்கூடாது என்று 1936-ல் சம்பளம் வழங்கல் சட்டம் சொன்னது. தோட்டங்களுக்கு அது பின்னால்தான் வந்து சேர்ந்தது. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று எழுதியது அந்தச் சட்டம்தான். கங்காணி முறையும் ஒழிந்தது. ஒரு கொழுந்து எடுக்கிற பெண் தன் கைக்கு நேராக மாதாமாதம் சம்பளம் வாங்கியது மலையின் வரலாற்றில் பெரிய திருப்பம் என்பேன். ரயிலும் ரோப்வேயும் வந்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் பற்றி எழுதுவதில்லை.

அக்கா வாழ்க்கைப்பட்டுப் போன புதிதில் சொல்வாள்: சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூணாறு பஜாரில் கால் வைக்க இடமிருக்காது. முதலில் மளிகைப் பாக்கி, பிறகு கம்பளியும் செருப்பும், பஸ் ஏறுவதற்கு முன் பிள்ளைக்கு ஒரு சின்னச் சாமான். பெரியதாக எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒன்று. விழாவுக்காகக் காத்திருக்காமல் சம்பளத்தை ஒட்டிப் பொம்மை வீட்டுக்குள் வந்தது அங்கேதான்.

இந்தச் சின்னச் சின்னத் தொகைக்குப் பொருத்தமான பொம்மை ஒன்று அதே காலத்தில் உலகத்தின் இன்னொரு கோடியில் உருவாகிக்கொண்டிருந்தது. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற கிராமத்துத் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன். 1932-ல், வீடு கட்டுவார் இல்லாத பஞ்ச காலத்தில், மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் இயந்திரத்தைப் போர் முடிந்த கையோடு வாங்கினார். ஒன்றன்மேல் ஒன்று செருகும் பிளாஸ்டிக் செங்கல் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிடிகிராஃப்ட் என்ற பெயரில் முன்பே செய்து விற்றார். அதைப் பார்த்துத்தான் கிறிஸ்டியான்சனின் லெகோ நிறுவனம் 1949-ல் தன்னுடையதைச் செய்தது. பேஜின் பெயரையும் நாம் சொல்ல வேண்டும்.

லெகோ செய்த பெரிய காரியங்கள் பிறகு வந்தன. 1955-ல், எல்லாப் பெட்டியும் ஒரே முறைமைக்குள் பொருந்தும்படி விற்கத் தொடங்கினார்கள். 1958 ஜனவரி 28-ல் அடியில் குழாய் வைத்த கட்டைக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். மேலே உள்ள குமிழ் அந்தக் குழாய்களுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே இறுகிப் பிடித்துக்கொள்கிறது. 1958-ன் கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் சேரும். எட்டுக் குமிழ்க் கட்டை ஆறு இருந்தால் 91 கோடிக்கு மேற்பட்ட விதத்தில் இணைக்கலாம் என்று கணித வல்லுநர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இந்த மாதம் வாங்கிய பெட்டி போன மாதத்துப் பெட்டியைப் பழசாக்குவதில்லை என்பது. அப்பாவின் தகரப் படகுக்கு அந்தக் குணம் கிடையாது.

அடுக்கும் கட்டை அதற்கு முன்பே எங்கள் மலைக்குப் பக்கத்தில் வந்து போயிருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது நாடு திரும்ப முடியாமல் இந்தியாவில் தங்கிய மரியா மாண்டிசோரி, 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். ஒரு சென்டிமீட்டர் கட்டையிலிருந்து பத்து சென்டிமீட்டர் கட்டை வரை பத்து கட்டைகளை அடுக்கும் இளஞ்சிவப்புக் கோபுரம் அவருடைய வகுப்பறைச் சாமான். கொடைக்கானலிலிருந்து மூணாறுக்குப் பக்கத்து டாப் ஸ்டேஷனுக்கு மலைப்பாதை உண்டு. அந்தக் கட்டைகள் மட்டும் அந்தப் பாதையில் லயத்துக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கென்று செய்ததைச் சம்பள நாள் பஜாரில் யாரும் விற்பதில்லை.

இந்தியாவில் பெரிய அளவில் நல்ல பொம்மை செய்யத் தொடங்கியவர்களில் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ஃபன்ஸ்கூல் முக்கியமானது. 1987-ல் தொடங்கியது, கோவாவிலும் நம் ராணிப்பேட்டையிலும் ஆலைகள். லெகோவை இந்தியாவில் விநியோகித்தவர்களும் இவர்கள்தான். ஆனால் எல்லைப்புறச் சின்னக் கடைகளை நிரப்பியது சீனப் பொம்மை. 2001-ல் இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் கடைசிப் பட்டியல் நீங்கிய பிறகு அது வெள்ளமாக வந்தது. லெகோவின் அடிப்படைக் காப்புரிமைகள் முன்பே காலாவதியாகிவிட்டதால் யாரும் அந்த அளவில் கட்டை வார்க்கலாம். கட்டையின் வடிவமே எங்கள் வணிகச் சின்னம் என்று லெகோ கேட்டதை ஐரோப்பிய நீதிமன்றமும் 2010-ல் ஏற்கவில்லை. ஏழை வீட்டுக் குழந்தைக்குச் சாதகமான தீர்ப்பு அது என்றுதான் நான் சொல்வேன்.

இனி, இந்தக் கட்டைகள் விற்கிற மாதங்கள். முதலில் ஆடி. ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். விவசாயி காசு முழுக்க விதைக்கும் உழவுக்கும் போய்விடும். கல்யாணம் காட்சி கிடையாது. கடை காற்று வாங்கும். அந்த மாதத்தில் சரக்கைத் தள்ளத்தான் தமிழ்நாட்டு ஜவுளிக் கடைகள் ஆடித் தள்ளுபடியைப் பிடித்துக்கொண்டன. பாத்திரம், ஃபேன்சி, பொம்மை என்று மற்ற கடைகளும் பின்னால் போயின. அதே நாட்கள் கேரளத்தில் கர்க்கடகம். மழை, வேலையில்லாத வயல், ராமாயணப் பாராயணம். அதனால்தான் பஞ்ச கர்க்கடகம் என்பார்கள். இங்கே காசு புரள்வது அடுத்த மாதம், சிங்கத்தில், ஓணத்தோடு.

எல்லையில் கடை வைத்திருக்கிற எனக்கு இந்த ஒரு மாத இடைவெளிதான் பிழைப்பு. ஆடியில் எங்கள் ஊர் ஜனம் பொள்ளாச்சிக்குப் போய்ப் பெரிய பெட்டியை வாங்கி வந்துவிடும். ஓணத்துக்குக் கையில் காசு வரும்போது, அந்தப் பெட்டியோடு சேர்க்கிற சின்னப் பாக்கெட்டுக்கு என்னிடம் வரும். சக்கரம் இரண்டு, ஜன்னல் ஒன்று, பச்சைத் தரைப்பலகை ஒன்று. முன்பு வரி இரண்டு மாநிலத்தில் இரண்டு விதமாக இருந்ததால் விலையும் மாறும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வாளையாறு போன்ற இடங்களில் வணிகவரிச் சோதனை நின்ற பிறகு அந்த வித்தியாசம் போய்விட்டது.

மலையில் இதே இடத்தை போனஸ் பிடித்துக்கொண்டது. 1965-ன் போனஸ் சட்டத்தில் பின்னால் வந்த குறைந்தபட்சம் 8.33 சதவீதம். ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது பதின்மூன்றாவது மாதச் சம்பளம். அதைப் பிள்ளைகளின் மாதம் என்று அக்கா சொல்வாள். 2015 செப்டம்பரில், முந்தைய ஆண்டு 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 என்று குறைந்தபோது, மூணாறில் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற அவர்கள் அமைப்பின் பெயர் அப்போது நாடெங்கும் கேட்டது. ஒன்பது நாளில், போனஸாக 8.33-ம் கருணைத் தொகையாக 11.67-ம் சேர்த்து இருபதை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அந்தச் சதவீதத்துக்குள் பள்ளிக்கூடப் பையும் தீபாவளித் துணியும் பிள்ளையின் பொம்மையும் அடங்கியிருந்தன என்பதை அந்த வீடுகளை அறிந்தவர்கள் அறிவார்கள். அதைச் சில்லறைக் கோரிக்கை என்று பேசியவர்கள் மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கடைசியாகப் பெரிய மாற்றம் அரசாங்கத்திலிருந்து வந்தது. 2020 பிப்ரவரியில் பொம்மை இறக்குமதித் தீர்வை 20-லிருந்து 60 சதவீதமானது. 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக்கூடாது. என் சுவரில் பாதி காலியாயிற்று. ஆனாலும் இது நல்ல சட்டம். பழைய மலிவுக் கட்டைகளில் விளிம்பு கையைக் கிழிக்கும், சாயம் எச்சிலில் கரையும். வாயில் வைக்கிற வயதுக்காரர்களுக்கு அதை விற்றோம் என்பது சின்ன விஷயம் இல்லை. இப்போது வருவதில் உள்ளூர் ஆலைச் சரக்கு அதிகம்.

பிரச்சினை பொருத்தத்தில்தான். குமிழுக்குக் குமிழ் எட்டு மில்லிமீட்டர் என்பது லெகோவின் அளவு. நகத்தின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு மாறினாலும் ஒரு வரிசை பிடிக்கும், நாலாவது வரிசையில் சுவர் வளையும். பல ஆலைகள் இன்னும் இந்த அளவில் ஒழுங்குக்கு வரவில்லை. ஒரே ஆலையின் இரண்டு பெட்டிகள்கூடச் சில நேரம் சேர்வதில்லை. மாதாமாதம் சேர்த்து வாங்குகிற வீட்டுக்கு அது பெரிய ஏமாற்றம். அதனால் என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஆடிச் சலுகையோ ஓணச் சலுகையோ, புதுப் பாக்கெட் வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருக்கும் கட்டை ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும். மாதிரிப் பாக்கெட்டைப் பிரித்து, நாலு வரிசை அடுக்கி, தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்ப்பேன். பிரியாமல் நின்றால் மட்டும்தான் பில் போடுவேன்.