தண்ணீர் சுத்தம் செய்யப் போனவர்கள்

போர் வரலாறு என்றால் தளபதியின் பெயரும் ஜெயித்த தேதியும்தான் நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. மூட்டை தூக்கினவங்க, சமைத்துப் போட்டவங்க, தண்ணீர் கொடுத்தவங்க கதையை யார் எழுதினா? அப்படி ஒரு கதைதான் இது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் கிரீன்ஸ்பர்க் என்று ஒரு சின்ன ஊர். ரிசர்வ் படையின் 14ஆவது குவார்ட்டர்மாஸ்டர் பிரிவு அந்த ஊரைச் சேர்ந்தது. ராணுவத்துக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்து கொடுப்பது அதன் வேலை. ரிசர்வ் ஆட்கள் முழுநேரச் சிப்பாய்கள் இல்லை. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருஷத்தில் இரண்டு வாரம் பயிற்சி. மற்ற நாளெல்லாம் வேலை, படிப்பு, பிள்ளைகுட்டி. ஆறு வருஷம் ரிசர்வில் இருக்கச் சம்மதித்தால் கல்லூரிப் படிப்புக்கு மாதாமாதம் பணம் தரும் திட்டம் 1985இல் வந்தது. வசதி உள்ளவர்களுக்கு அந்தப் பணம் எதற்கு?

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. அதே மாதம் ரிசர்வ் படையை அழைக்க அதிபர் புஷ் உத்தரவிட்டார். 1991 ஜனவரி 15 அன்று கிரீன்ஸ்பர்க் பிரிவுக்கும் அழைப்பு வந்தது. மொத்தம் 69 பேர். ஒரு மாதப் பயிற்சி முடிந்து பிப்ரவரி 19இல் சவுதி அரேபியா போய் இறங்கினார்கள். 25ஆம் தேதி இரவு, தஹ்ரான் பக்கத்தில் அவர்கள் தங்கியிருந்த கிடங்கின் மேல் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் கருவி, கணினிக் கடிகாரத்தில் இருந்த பிழையால் தடுக்கவில்லை. செத்தவர்கள் 28 பேர். இந்த ஒரு பிரிவில் மட்டும் 13 பேர். அதில் இருவர் பெண்கள். காயம்பட்டவர்கள் 43 பேர். போய் ஆறே நாள். மூன்றாம் நாள் போர் நின்றுவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. போருக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்குப் பழைய வேலையைத் தர வேண்டும் என்று 1940 முதலே சட்டம் உண்டு. 1994இல் அதை இன்னும் பலப்படுத்தினார்கள். பழைய கடனுக்கு வட்டி 6 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் விதி இருந்தது. ஆனால் போன மாதங்களுக்குத் தனியார் முதலாளி சம்பளம் தர வேண்டியதில்லை. ராணுவச் சம்பளம் குறைவாக இருந்தால் துண்டு விழுவதைக் குடும்பம்தான் சமாளிக்கணும். நாலு பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறையில் ஒருத்தர் போனால் முதலாளிக்கும் கஷ்டம்தான். சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருந்தவர் போனால் கடையை யார் திறப்பது? எல்லாவற்றுக்கும் மேல், திரும்பி வந்தால்தானே வேலை!

வளைகுடாவுக்குப் போன அமெரிக்கப் படையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கறுப்பர். நாட்டின் ஜனத்தொகையிலோ அவர்கள் எட்டில் ஒருவர்தான். அழைப்பு எல்லாருக்கும் பொது என்கிறார்கள். ஆனால் படிப்புக்கும் பிழைப்புக்கும் வேறு வழியில்லாத வீட்டுக் கதவைத்தான் அது முதலில் தட்டுகிறது.

நம்ம சேரிகளிலும் பட்டாளத்துக்குப் போனவர்களின் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டு அம்மாக்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர் போன பிறகு அடுப்பு எப்படி எரிந்தது என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். அதுவும் போர் வரலாறுதான்.