படுக்கையறையில் காணொளிச் சந்திப்பா? இதைக் கவனியுங்க!

2020 ஏப்ரல் 7. கிருமிப்பரவலை முறியடிக்கப் பெரும்பாலான வேலையிடங்கள் மூடப்பட்டன. பலருக்குப் படுக்கையறையே அலுவலகமானது.

ஏன் படுக்கையறை?

வீவக மூவறை வீட்டில் படுக்கையறைகள் இரண்டுதான். கதவை மூடிப் பேச வேறு இடமேது?

சிக்கல் என்ன?

அதே அறையில் தங்கும் பாட்டி உடைமாற்றக்கூடக் காத்திருக்கணும்.

என்ன செய்யலாம்?

* சுவர் முதுகுப்பக்கம் இருக்கட்டும். ஜன்னல் பின்னால் இருந்தால் முகம் இருண்டு தெரியும்.

* பின்னணியை மங்கலாக்கலாம். ஆனால் முழுதாக நம்பவேண்டாம். அசையும்போது அறை எட்டிப்பார்க்கும்!

* சந்திப்பு நேரத்தை வீட்டில் முன்பே சொல்லிடுங்க.

இடம் போதவில்லையா?

வேலை நேரத்தை மாற்றக் கேட்கலாம். 2024 டிசம்பர் 1இல் நடப்புக்கு வந்த முத்தரப்பு வழிகாட்டிப்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு முறையாக விண்ணப்பித்தால் முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் பதிலளிக்கவேண்டும். தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர்களுக்கு இது பொருந்தும்.