விண்மீனின் எல்லை கண்ட தமிழர்

நாம் இரவில் காணும் விண்மீன்களும் ஒருநாள் எரிபொருள் தீர்ந்து, தம் ஈர்ப்பினாலேயே ஒடுங்குவன. சிரியஸ் விண்மீனின் துணை அவ்வாறு ஒடுங்கியது. நிறையில் கதிரவனை ஒப்பது, அளவிலோ பூமியை ஒப்பது. அதன் பொருளில் ஒரு கன சென்டிமீட்டர் ஒரு டன்னுக்கும் மிகும். நெருக்குண்ட எலக்ட்ரான்கள் மேலும் நெருங்காது எதிர்த்து நிற்பதே அதனைத் தாங்குகிறது என்று 1926இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஃபவுலர் விளக்கினார்.

லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் தம் 19ஆம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பயணத்திலேயே இக்கணக்கை ஆராய்ந்தார். நிறை மிகுந்தால் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை அணுகும். அப்போது அவற்றின் எதிர்ப்பு ஈர்ப்புக்கு ஈடாகாது. கதிரவனைப்போல் சுமார் 1.4 மடங்கே அவை தாங்கும் எல்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

1935 சனவரி 11 அன்று லண்டன் இராயல் வானியல் கழகத்தில் அவர் இதனை எடுத்துரைத்தார். அடுத்துப் பேசிய பேரறிஞர் எடிங்டன், விண்மீன் அங்ஙனம் நடவாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கவேண்டும் என்று எள்ளினார். சந்திரசேகர் பகை பாராட்டினாரல்லர், கணக்கைக் கைவிட்டாருமல்லர். 1939இல் தம் ஆய்வை நூலாக்கி, வேறு துறை புகுந்தார்.

1967இல் துடிவிண்மீன்கள் கண்டறியப்பட்டன. அவை, கதிரவனினும் மிக்க நிறை சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் ஒடுங்கிய நியூட்ரான் விண்மீன்கள். அந்நிலையும் தாங்கவியலாத நிறையோ கருந்துளையாகும். 1983இல் நோபல் பரிசு சந்திரசேகரை அடைந்தது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் நம் மக்களுக்கு உரைக்கத்தக்கது இதுவே: அவை நகைத்தாலும் மெய் குன்றாது; அதனைக் கண்டவர்க்கு வேண்டுவது பொறுமை.